டோனி மாரிசனை முப்பதாவது பக்கத்துல மூடி வச்சவங்க யாராவது இருக்கீங்களா?

பாதிப்பக்கம்

ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள்னு யார்கிட்ட கேட்டாலும் மொதல்ல சொல்றது டோனி மாரிசனோட ‘பிலவ்ட்’ நாவல். 1988ல அதுக்கு புலிட்சர் பரிசு, அவங்களுக்கே 1993ல நோபல், அதை வாங்கின முதல் கறுப்பினப் பெண், இதெல்லாம் பாத்து ஆசையா வாங்கி ரெண்டு தடவ ஆரம்பிச்சேன், ரெண்டு தடவையும் முப்பது பக்கத்துல மூடியாச்சு. வீட்டுக்கு ஒரு நம்பர், அந்த வீட்டுக்கே ஏதோ கோவம், ரெண்டு பசங்க ஓடிப்போறாங்க, யாரு செத்தா எப்ப செத்தா ஒண்ணும் விளங்கல. லிஸ்ட் வேணாம்ங்க, லிஸ்ட் என்கிட்டயே நாலஞ்சு கெடக்கு. உங்களுக்கு எந்த புக் எப்படி கைக்கு வந்துச்சு, எந்த எடத்துல உள்ள இழுத்துச்சு, அத மட்டும் சொல்லுங்க.

நெல்லைக்காரி

தம்பி, அது உங்க தப்பு கெடையாது. அடிமையா புடிச்சிட்டுப் போன ஆளுங்கள ஒரு எடத்துலேந்து இன்னொரு எடத்துக்கு தூக்கிப் போட்டப்ப யாரும் விளக்கம் சொல்லிட்டு போடலயே, படிக்கிறவனும் அப்படித்தான் வந்து விழணும்னு மாரிசனே ஒரு கட்டுரைல சொல்லிருக்காங்க. அதனால நீங்க முழிச்சது சரியான முழிதான்.

என் கதை வேற. எம்.ஏ. படிக்கும்போது ஜோரா நீல் ஹர்ஸ்டனோட ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ பாடமா இருந்துச்சு, 1937ல வந்த நாவல். அதுல ஆளுங்க பேசுறத அப்படியே காதுல விழுற மாதிரி எழுதிருப்பாங்க, ‘ஐ’னு வரவேண்டிய எடத்துல எல்லாம் ‘ஆ’னு இருக்கும், ஸ்பெல்லிங் ஒண்ணும் ஒழுங்கா இருக்காது. கைடு வாங்கி பாஸ் பண்ணிருவோம்னு ஹாஸ்டல்ல எல்லாரும் முடிவே பண்ணிட்டோம். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போச்சு, ரூம்மேட் மெழுகுவத்திய வச்சிக்கிட்டு வெளாட்டுக்கு சத்தமா படிச்சா பாருங்க, எனக்கு தூக்கிவாரிப் போட்டுருச்சு. கண்ணால பாக்கும்போது கல்லா இருந்தது காதுல கேட்டதும் பேச்சா ஆயிருச்சு! கதாநாயகி ஜேனி அழுக்கு ஓவரால் உடுப்போட ஊருக்குத் திரும்பி வர்றா, திண்ணைல உக்காந்திருக்குற கூட்டம் அவ நடைய, முடிய, போன புருசன ஒவ்வொண்ணா அலசுது. எங்க தெருவுல சாயங்காலம் ஆச்சிக எல்லாம் உக்காந்து “யாம்ளா, அவ திரும்பி வந்துட்டாளாமே”ன்னு ஆரம்பிப்பாங்கல்ல, அச்சு அசல் அது. வட்டார வழக்குல கதை படிச்சுப் பழகின நமக்கு இது கஷ்டமே இல்ல. கண்ணால படிக்கக்கூடாது, அம்புட்டுதான்.

ஹர்ஸ்டன் மானிடவியல் படிச்சவங்க, ஃப்ளாரிடா பக்கம் ஊர் ஊரா போய் கதை, பாட்டு, பழமொழி எல்லாம் சேகரிச்சவங்க. அந்த நாவல ஹைட்டி நாட்டுல உக்காந்து ஏழே வாரத்துல எழுதினாங்க. கடைசில 1960ல காசில்லாம செத்துப்போனாங்க, பொதைச்ச எடத்துல ஒரு கல்லுகூட கெடையாது. 1973ல ஆலிஸ் வாக்கர், நான் அவங்க மருமக முறைன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு, இடுப்பளவு புல்லுக்குள்ள பாம்புக்கு பயந்துகிட்டே போயி தேடி கல்லு நட்டாங்க. அந்த வாக்கர்தான் பின்னால 1982ல ‘தி கலர் பர்ப்பிள்’ எழுதினது. எனக்கு அந்த நாவலவிட இந்தப் பொய் ரொம்பப் பிடிக்கும். சண்டைக்கு வராதீங்க.

கடைசி_பஸ்

அக்கா சொன்னதுக்கு ஒரு ப்ளஸ். மாரிசனோட ஆடியோபுக் பலதும் அவங்களே படிச்சதுதான். மெதுவா, பாட்டி காதுகிட்ட வந்து ரகசியம் சொல்ற மாதிரி இருக்கும். ‘தி ப்ளூயஸ்ட் ஐ’ அப்படித்தான் கேட்டேன், எறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டு ரெண்டு ஸ்டாப் தாண்டிப் போயிட்டேன். நீலக்கண்ணு வேணும்னு வேண்டிக்கிற ஒரு கறுப்புப் பொண்ணு, ஷெர்லி டெம்பிள்ங்கிற வெள்ளைக்கார குழந்தை நடிகை படம் போட்ட கப்புல பால் குடிக்கணும்னே திரும்பத் திரும்ப பால ஊத்தி ஊத்திக் குடிப்பா, வீட்டுக்காரம்மா மூணு குவார்ட்டு பால் எங்க போச்சுன்னு கத்துவாங்க. அந்த சீன்ல சிரிச்சேன். பின்னாடி அத நெனச்சு நெனச்சு வருத்தப்பட்டேன். புக் சின்னதுதான், ஆனா மனசு சரியில்லாத நேரத்துல எடுக்காதீங்க ப்ரோ, நடுவுல அப்பன் சம்பந்தப்பட்ட ஒரு பகுதி இருக்கு, ரொம்ப கஷ்டம்.

உப்புமீன்

நேரமே இல்லைங்கறவங்களுக்கு என் பரிந்துரை ஜமைக்கா கின்கெய்ட் எழுதின ‘கேர்ள்’. 1978ல நியூயார்க்கர் பத்திரிகைல வந்தது, ரெண்டு பக்கம்கூட சரியா வராது, மொத்தமும் ஒரே வாக்கியம். கரீபியன் அம்மா ஒருத்தி பொண்ணுக்கு புத்தி சொல்லிட்டே போறா. வெள்ளைத்துணிய திங்கக்கெழம துவை, உப்புமீன ராத்திரியே ஊறப்போடு, கோலிக்குண்டு ஆட குத்தவச்சு உக்காராத நீ என்ன பையனா, பிடிக்காதவங்கள பாத்தா இப்படி சிரி, சுத்தமா பிடிக்காதவங்கள பாத்தா இப்படி சிரி. பொண்ணு ரெண்டே ரெண்டு எடத்துல வாயத் தொறப்பா.

நான் இத எங்கம்மாவுக்கு போன்ல தமிழ்ல சொல்லிக் காட்டினேன், அம்மாவோட திட்டு எவ்ளோ வலிக்கும்னு அவங்களுக்கு உறைக்கட்டுமேன்னு. முழுசா கேட்டுட்டு “யாருடி அந்தம்மா? எல்லாம் சரியாத்தான சொல்லிருக்கு”ன்னாங்க.

சோளக்காடு

எல்லாரும் அமெரிக்கா பக்கமே நிக்கிறீங்க. ஜிம்பாப்வே டிசிட்சி டங்கரெம்பாவோட ‘நெர்வஸ் கண்டிஷன்ஸ்’, 1988. எடுத்த எடுப்புலயே கதை சொல்ற பொண்ணு, அண்ணன் செத்ததுக்கு நான் வருத்தப்படலன்னு சொல்லிடுவா. அடிப்பாவின்னு தோணும். படிக்கப் படிக்கத்தான் நம்ம அவ பக்கம் சாயுறது தெரியும். ஸ்கூல் ஃபீஸ் அண்ணனுக்கு மட்டும்தான், இவ தானே மக்காச்சோளம் வெளைவிச்சு காசு சேக்க பாக்குறா, அவன் அந்தக் கதிரத் திருடி பசங்களுக்கு குடுக்குறான். எனக்கு பழைய புக் கடைல அட்டை கிழிஞ்ச காப்பி கிடைச்சது, மார்ஜின்ல முன்னாடி யாரோ படிச்சவங்க அந்த எடத்துல பென்சில்ல “திருட்டுப்பய” ன்னு எழுதி வச்சிருந்தாங்க. அத அழிக்கல.

சோகம், ஒடுக்குமுறைன்னு முதுகுல தட்டிக் குடுக்கிற மூட்ல இந்த புக்குங்ககிட்ட வராதீங்க. அந்தப் பொண்ணோட கிண்டல் நம்ம கண்ணையே குத்தும்.

பனிக்காலம்

நான் கனடாவில இருக்கிறன். நூலகத்தில தற்செயலா எடுத்தது சிமமாண்டா அடிச்சியின்ர ‘ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்’, 2006 இல வந்தது. நைஜீரியாவில 1967 இல இருந்து 1970 மட்டும் நடந்த, பியாஃப்ரா எண்டு தனிநாடாப் பிரிஞ்ச சண்டைதான் கதை. அதில ரயிலில ஒரு தாய் மடியில சுரைக்குடுவை வச்சிருப்பா. திறந்து காட்டுவா, உள்ள மகளின்ர தலை. அவ அழேல்ல, இந்தத் தலைமயிரைப் பின்ன எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமோ எண்டு மட்டும் சொல்லுவா. நான் எழும்பிப் போய்த் தண்ணி குடிச்சிட்டு, பிறகு ரெண்டு கிழமை தொடேல்ல.

திரும்ப எடுக்க வச்சது சின்ன விசயம்தான். நிவாரணத்துக்கு வரிசையில நிண்டு கிடைச்ச ஒரு இறைச்சி டின்னை, கதையில வாற ஒலான்னா எண்ட பொம்பிளை வழியில பறிகுடுப்பா. தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில சவுக்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைஞ்ச ஆக்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அம்மாவுக்கு அந்த இடத்தை மட்டும் சொன்னன். ஒண்டும் கதைக்கேல்ல, தேத்தண்ணி போட எழும்பிப் போட்டா.

பாதிப்பக்கம்

எல்லாருக்கும் நன்றி. ‘கேர்ள்’ லன்ச் டைம்லயே முடிச்சாச்சு. நேத்து நைட் அக்கா சொன்னாங்களேன்னு ‘பிலவ்ட்’ முதல் பக்கத்த ஹால்ல நின்னுகிட்டு சத்தமா படிச்சேன். கிச்சன்லேந்து வீட்டம்மா, “அந்தப் பசங்க எதுக்கு ஓடிப்போனாங்க?”ன்னு கேட்டா. ஒருத்தன் கண்ணாடியப் பாத்ததும் அது தானா ஒடஞ்சிருச்சு, இன்னொருத்தன் பாத்தப்ப கேக்குல குட்டியூண்டா ரெண்டு கைத்தடம்னு சொன்னேன்.

அடுப்ப சிம்ல வச்சிட்டு வந்து உக்காந்துட்டா. இப்ப நாப்பத்தொண்ணாவது பக்கம்.