மானியக் குழு விளையாட்டுக்கு யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஆளுக்கொரு பேராசிரியர் வேடம் போட்டு, ஒரே அறையில் உட்கார்ந்து, ஆராய்ச்சி மானியம் யாருக்கு என்று அடித்துக்கொள்ளும் நகைச்சுவை விளையாட்டு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். லார்ப் என்பார்களே, அந்த வகை.

மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்ஐஎச்சின் மதிப்பீட்டுக் குழுதான் மாதிரி. அங்கே மதிப்பெண் 1 முதல் 9 வரை, 1தான் சிறந்தது. விண்ணப்பித்தவரோடு தொடர்புள்ள மதிப்பீட்டாளர், அந்த விண்ணப்பத்தைப் பற்றிப் பேசும் நேரம் அறையை விட்டு வெளியேற வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது: அவர் வெளியே நிற்கும்போது உள்ளே கூட்டணியே மாறிவிடலாம்!

சிக்கல் முடிவில்தான். ஓட்டெடுப்பு வைத்தால் சத்தமாகப் பேசுபவரே ஜெயிக்கிறார், கூச்சப்படுபவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். நியூசிலாந்து சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013இல் ஒரு வகை மானியத்துக்கு, தகுதி பெற்ற விண்ணப்பங்களுக்குள் குலுக்கல் போடத் தொடங்கியது. அதையே வைக்கலாமா? அவ்வளவு நேரம் வாதாடியவர்களுக்கு ஏமாற்றமாகிவிடாதா?

நிஜமாகவே இப்படிப்பட்ட குழுவில் இருந்தவர்கள், எதற்கெல்லாம் வாக்குவாதம் வந்தது என்று பெயர்கள் இல்லாமல் சொல்லுங்கள். அப்புறம், நாடகம் போட்டு அனுபவமுள்ளவர்கள், அதிகம் பேசாதவருக்கு எந்த மாதிரிப் பாத்திரம் கொடுக்கலாம் என்றும் சொன்னால் பெரிய உதவி.