புதுப்பிப்பு: எம்.பி.எச். படிப்புக்கு இடம் கிடைத்தது

அம்பாசமுத்திரம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கும் நான், பொதுச் சுகாதாரத்தில் தலைமைப் பொறுப்புக்கு வர மருத்துவமனை நிர்வாக எம்.பி.ஏ. படிப்பதா, எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம்) படிப்பதா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

"கட்டடத்தை நடத்தப் போகிறீர்களா, ஊரின் நோயைக் கணக்கெடுக்கப் போகிறீர்களா?" என்று பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவர் கேட்டதுதான் குழப்பத்தைத் தீர்த்தது. நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல் (உடல்நலத் தரவுகளை அலசும் கணக்கியல்), சுகாதாரக் கொள்கை மூன்றும் எம்.பி.எச். பாடத்திட்டத்தின் அடிப்படை என்பதால் அதையே தேர்ந்தேன். சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் இப்படிப்பை நடத்துகிறது; ஆனால் 1997 முதல் நடத்திவரும் திருவனந்தபுரம் அச்சுத மேனன் சுகாதார அறிவியல் ஆய்வு மையம் நெல்லைக்காரர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதால் அங்கே விண்ணப்பித்தேன்.

எதிர்பாராதது நேர்காணல். மனப்பாடம் செய்து போயிருந்த தலைமைப்பண்பு வரையறைகளை யாரும் கேட்கவில்லை. டெங்குக் காலத்தில் வீடு வீடாகச் சென்று தொட்டியிலும் பூச்சாடித் தட்டிலும் கொசுப்புழு பார்த்ததைக் கேட்டு, பார்த்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனையில் புழு இருந்தது என்றார்கள். களக்குறிப்பேட்டை எடுத்துச் செல்லச் சொன்ன அக்கா ஒருவரின் யோசனை அங்கேதான் கைகொடுத்தது.

நான் முன்பு படித்த கல்லூரி மதிப்பெண் சான்றுகளைத் தர நாற்பது நாள் இழுத்தடித்தது. விண்ணப்பிப்பவர்கள் அதை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.