மெய்யழகன், கொட்டுக்காளி: உங்களுக்கு எப்படி இருந்தது?

கேள்வி:
ரெண்டு படத்தையும் இந்த வாரம்தான் அடுத்தடுத்து பார்த்தேன். மெய்யழகன் ரொம்பப் பிடித்தது, முக்கியமாக கார்த்தியும் அரவிந்த்சாமியும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும் பகுதி. கொட்டுக்காளி முடிந்தவிதம்தான் மனதுக்கு ஒட்டவில்லை, பின்னணி இசையும் கிடையாது. உங்களுக்கு?

பதில்:
நண்பா, எனக்கு அந்த முடிவுதான் படமே. பார்க்காதவர்களுக்காக முழுசாகச் சொல்லவில்லை, ஆனால் பேய் ஓட்டக் கூட்டிப்போகிற அந்தப் பெண்ணாக அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார், சுற்றி இருக்கும் ஆண்கள் எல்லாரும் கத்துகிறார்கள், இசை இருந்திருந்தால் யாருக்காகப் பரிதாபப்பட வேண்டும் என்று அதுவே சொல்லிக் கொடுத்திருக்கும். ஆட்டோ சத்தமும் சூரியின் கட்டிப்போன தொண்டையும் போதும். இதே இயக்குநர் வினோத்ராஜின் முந்தைய படம் கூழாங்கல் (2021) பார்த்துவிட்டு இதை இன்னொரு தடவை பாருங்கள்.

பதில்:
மெய்யழகன் நல்ல படம்தான், நீளம்தான் பிரச்சினை. வெளியான பிறகு சுமார் 18 நிமிடம் குறைத்தார்கள், எனக்கு அது சரி என்றே படுகிறது.

பதில்:
குறைத்ததில் எனக்கு உடன்பாடே இல்லை! அவசரமில்லாமல் பேசுவதுதான் அந்தப் படத்தின் அழகு, பெயர் தெரியாமலே ஒருவனின் அன்பை வாங்கிக்கொள்ளும் கூச்சம் மெதுவாகத்தான் ஏற வேண்டும்.
அப்புறம், லப்பர் பந்து பார்க்கவில்லை என்றால் அடுத்து அதுதான். தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். கிரிக்கெட் பிடிக்காதவர்களும் பார்க்கலாம், மாமனார் மருமகன் ஈகோதான் கதை, தினேஷும் சுவாசிகாவும் வரும் காட்சிகள் ஒவ்வொன்றும் அருமை.