127 போதுமா, போதாதா?

கருங்கட்டை:
நேற்று வெள்ளைக்கட்டை இங்கே எழுதியது: "ஐபேடில் பியானோடெக் என்ற பியானோ செயலி, முன்னால் அதை இயக்க 88 கட்டை கன்ட்ரோலர். இனி கிராண்ட் பியானோ எதற்கு?" படித்ததிலிருந்து காபி இறங்கவில்லை. கட்டையில் அடிப்பதைச் செயலிக்கு எண்ணாகச் சொல்லும் மிடி 1983-இல் வந்த ஏற்பாடு. விரலை எப்படி வைத்தாலும் அது அனுப்புவது 1 முதல் 127-க்குள் ஓர் எண். மெல்லத் தொடுவதற்கும் அதைவிட மெல்லத் தொடுவதற்கும் நடுவில் இருப்பதெல்லாம் எங்கே போகும்?

வெள்ளைக்கட்டை:
சார், ஒரே சுரத்தைப் பத்து முறை ஒரே அளவில் அடித்துக் காட்டுங்கள், அப்புறம் 127 பேசலாம். பியானோடெக் பதிவு செய்த ஒலியை எடுத்துப் போடுவதில்லை. சுத்தியல், கம்பி, பலகை எல்லாவற்றையும் அந்த நொடியிலேயே கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்குகிறது. அதனால்தான் ஜிபி ஜிபியாக இடம் கேட்பதில்லை.

கருங்கட்டை:
கணக்கு நன்றாகத்தான் போடும். கணக்குக்குள் போவது எது? 127.

பெடல்பிரியன்:
அது கிடக்கட்டும். கன்ட்ரோலரோடு வந்த சின்னப் பெடலை மிதிப்பவர்கள் இங்கே எத்தனை பேர்? பெரும்பாலும் அது வெறும் சுவிட்ச். 0, இல்லாவிட்டால் 127. அரைப்பெடல், அதாவது பாதி மிதிப்பது, கிடையாது. முதலில் அதை மாற்றுங்கள்.

கருங்கட்டை:
பாருங்கள், இவரே 127 என்கிறார்.

பெடல்பிரியன்:
அண்ணே, அது வேறு 127.

வெள்ளைக்கட்டை:
மிடியில் 88-ஆம் கன்ட்ரோல் எண் என்று ஒரு கூடுதல் செய்தி உண்டு. அதன் வழியாக 127-ஐவிட நுண்ணிய அளவையும் அனுப்பலாம். கேசியோவின் பிரிவியா டிஜிட்டல் பியானோ சிலவற்றில் இருக்கிறது. பியானோடெக்கும் அதை எடுத்துக்கொள்ளும்.

கருங்கட்டை:
உங்கள் கன்ட்ரோலரில் இருக்கிறதா?

வெள்ளைக்கட்டை:
கேள்வி அதுவல்ல.

கருங்கட்டை:
கேள்வியே அதுதான்! போன வருடம் ஆர்மோனிய விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள். மறந்துவிடுவேன் என்று நினைத்தீர்களா?

வெள்ளைக்கட்டை:
உங்கள் வீட்டுப் பியானோவைக் கடைசியாக எப்போது சுருதி சேர்த்தீர்கள்? சென்னை ஈரக்காற்றில் பலகை உப்பினால் சுருதி நகரும். ஐபேடுக்கு அந்தக் கவலை இல்லை.

கருங்கட்டை:
என் பியானோவைப் பேச்சில் இழுக்காதீர்கள். தாத்தா வாங்கியது. எட்டு கட்டை எழும்பாது, அதனால் என்ன? எழும்புகிற கட்டைக்கு 127 என்ற வேலி கிடையாது.

புதுவிரல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கட்டையை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. புளூடூத் ஹெட்போன். செயலி சரியில்லையா?

வெள்ளைக்கட்டை:
செயலி மேல் பழி போடாதீர்கள் தம்பி. பஃபர், அதாவது செயலி ஒலியைச் சேர்த்து அனுப்பும் துண்டு, 256 சாம்பிள் என்றால் தாமதம் சுமார் 6 மில்லிநொடி. இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் ஒலி காதுக்கு வர ஆகிற நேரம் அவ்வளவுதான். புளூடூத் சாதாரணமாக 100-ஐத் தாண்டிவிடும். கம்பி ஹெட்போன் போடுங்கள்.

பெடல்பிரியன்:
பெடலையும் மாற்றுங்கள்.

புதுவிரல்:
என் ஐபேடில் ஹெட்போன் செருகத் துளையே இல்லையே?

கருங்கட்டை:
அடாப்டர் வாங்கு தம்பி. என்ன வாங்கிப் போட்டாலும் உள்ளே போவது 127.

வெள்ளைக்கட்டை:
அந்த எட்டு கட்டைக்கு எத்தனை சார்? பூஜ்யமா?