மணி அடிக்கடி முக்குகிறான், வருவது கொஞ்சம்தான்: மலச்சிக்கலா, வேறு ஏதாவதா? (சேலம்)

கன்னங்குறிச்சி, மணி வீடு

வணக்கம். எங்கள் நாய் மணிக்கு நாலு வயது. லேப் (லாப்ரடார்) கலப்பு, எடை 28 கிலோ. வெயில் தாங்கமாட்டான் என்று மே மாதம் ஏற்காட்டில் சித்தப்பா வேலை பார்க்கும் காப்பித் தோட்டத்தில் விட்டிருந்தோம். கீழே கூட்டிக்கொண்டு வந்த கொஞ்ச நாளிலேயே அவன் வெளிக்குப் போகும் விதம் மாறிவிட்டது.

முன்பெல்லாம் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. அள்ளினால் உருவம் கலையாது, தரையில் ஒட்டாது. இப்போது ஒரு நடைக்குள்ளேயே திரும்பத் திரும்ப உட்காருகிறான். முதலில் ஓரளவு கெட்டி, அடுத்தது கூழ், அதற்கப்புறம் முக்கி முக்கி ஒரு ஸ்பூன் அளவுக்குத்தான். மேலே வழவழவென்று சளி படிந்திருக்கிறது. நேற்று அந்தச் சளியில் மெல்லிய சிவப்புக் கோடு. அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

மற்றபடி வாந்தி இல்லை. தட்டை வைத்தால் காலி செய்கிறான், கேட் சத்தம் கேட்டால் ஓடுகிறான். மேலே இருந்தபோது ஓடைத் தண்ணீர் குடித்திருக்கிறான். பலாச்சுளை, மாம்பழத் தோல் எது கிடைத்தாலும் விடமாட்டான். இங்கே வந்ததும் பழைய சாப்பாடுதான்: காலையில் பாக்கெட் தீனி, ராத்திரி கோழி சாதம்.

பாட்டி இது மலச்சிக்கல்தான், விளக்கெண்ணெய் ஒரு கரண்டி ஊற்று என்கிறார். டாக்டரிடம் திங்கட்கிழமைதான் போக முடியும். அதுவரை எண்ணெய் கொடுக்கலாமா? நான் எதையெல்லாம் பார்த்து வைக்க வேண்டும்?

அழகாபுரம் அக்கா

தம்பி, எண்ணெய் வேண்டவே வேண்டாம். எங்கள் பெண் நாய்க்கு வயிறு கெட்டால் சவ்வரிசியைக் குழைய வேகவைத்து, உப்பு போடாமல் ஆறவைத்துக் கொடுப்பேன். நம் ஊரில் அதற்கா பஞ்சம். கூடவே தோல் எடுத்த கோழி நெஞ்சுக்கறி கொஞ்சம். பால் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, பேதி இன்னும் கூடும்.

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்

தம்பி நல்ல விவரமாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்வது சுலபம். நாய் முக்குவதைப் பார்த்தால் எல்லாரும் முதலில் மலச்சிக்கல் என்றுதான் நினைப்பார்கள். மருந்தகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். உங்கள் மணிக்கு அது மலச்சிக்கல் மாதிரி தெரியவில்லை. பெருங்குடலில் அழற்சி இருந்தால் அதன் உட்சுவர் புண்ணாகி, குடல் காலியாக இருக்கும்போதும் "இன்னும் வருகிறது" என்ற உணர்வைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒன்றும் வராவிட்டாலும் முக்குகிறான். சளி பெருங்குடல் சுவரிலிருந்து வருவது, கடைசியில் தெரியும் பளிச்சென்ற சிவப்பும் அங்கிருந்து வருவதுதான்.

சிறுகுடல் கெட்டிருந்தால் சங்கதி வேறு. தடவை அவ்வளவாகக் கூடாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் நிறையப் போகும், தண்ணீராகப் போகும். நாட்பட்டால் தின்றாலும் எடை குறையும். ரத்தம் வந்தாலும் சிவப்பாக வராது. வயிற்றிலோ சிறுகுடலிலோ கசிந்த ரத்தம் செரித்து, தாராகக் கறுத்துத்தான் வெளியே வரும். அப்படிக் கறுப்பாக, பிசுபிசுவென்று, நாற்றத்தோடு வந்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாலும், ஈரல் நிறையச் சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம். ஈறு வெளுத்து மலமும் கறுத்திருந்தால் அதையும் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று. அவன் முக்குவது மலத்துக்குத்தானா, மூத்திரத்துக்கா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஆண் நாய்க்கு மூத்திரம் அடைத்தாலும் தூரத்திலிருந்து பார்க்கும்போது முக்குவது இப்படித்தான் தெரியும். அது அவசரம், மணிக்கணக்கில் விடக் கூடாது. கருத்தடை செய்யாத, வயதான ஆண் நாய்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கினாலும் மலம் கழிக்க முக்கும்.

விளக்கெண்ணெய் குடலை உறுத்தி ஓடவைக்கும். புண்ணான குடலுக்கு அது கொடுமை. உள்ளே ஏதாவது அடைத்திருந்தால் ஆபத்து. பாட்டி சொன்னது அக்கறையில்தான், அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மெடிக்கலில் கேட்டு மனுசர் மாத்திரையும் கொடுக்காதீர்கள். பேதியை நிறுத்தும் லோபிரமைட் சில இன நாய்களின் மூளைக்குள் போய்த் தள்ளாட வைக்கும். வலிக்குக் கொடுக்கும் ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றிலேயே புண் உண்டாக்கும்.

நாகலூர் தோட்டத்திலிருந்து

மாம்பழம் என்று படித்ததும் பதறிவிட்டேன். தோல் மட்டும்தானா, கொட்டையும் காணாமல் போனதா? சித்தப்பாவிடம் நன்றாக விசாரியுங்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு லேப் இருந்தது. மாம்பழக் காலத்தில் கொட்டையை அப்படியே விழுங்கியிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. பல நாள் ஒன்றுமே தெரியவில்லை. எப்போதாவது ஒரு வாந்தி, அப்புறம் சாதாரணமாக இருக்கும். கொட்டை வயிற்றிலேயே உருண்டுகொண்டு கிடந்திருக்கிறது. ஒரு நாள் அது சிறுகுடலுக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி, மலம் சுத்தமாக நின்றுவிட்டது. முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. விளையாடக் கூப்பிடுகிறது என்று பிள்ளைகள் நினைத்தார்கள். வயிற்று வலி தாங்காமல் நாய் நிற்கும் நிலை அது. எக்ஸ்ரேயில் சந்தேகமாகத்தான் தெரிந்தது, ஸ்கேனில்தான் பிடிபட்டது. வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். கொட்டையின் நார் குடல் சுவரோடு ஒட்டிக் கிடந்ததாக டாக்டர் காட்டினார். நாய் பிழைத்துவிட்டது. இன்றைக்கும் யாராவது திண்ணையில் கொட்டையைப் போட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

மணி சாப்பிடுகிறான், வாந்தி இல்லை என்பது ஆறுதல்தான். ஆனாலும் வாந்தி தொடங்கினால் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். ஆசனவாயில் நூலோ நாரோ தொங்கினால் இழுக்காதீர்கள், குடல் அறுந்துவிடும்.

சூரமங்கலம்

குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது போட்டீர்கள்? எங்களுக்குப் புழுதான் காரணமாக இருந்தது. ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும்.

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்

எந்தப் புழு என்று தெரிந்தால்தான் எந்த மாத்திரை என்று சொல்ல முடியும் தம்பி. ஆசனவாயைச் சுற்றி, படுக்கையில், வெள்ளரி விதை அளவுக்கு வெள்ளையாக ஒட்டியிருந்தால் நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியைக் கடித்து விழுங்குவதால் வருவது அது. அதற்குப் பிராசிகுவாண்டல். பைரான்டல் உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் கேட்கும், சாட்டைப்புழுவுக்குக் கேட்காது. சளியும் சிவப்புமாகப் பெருங்குடலைக் கெடுப்பதில் சாட்டைப்புழு பெரிய ஆள். அதன் முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், மருந்தையும் இடைவெளி விட்டுத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஓடைத் தண்ணீர் என்றால் ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் கிருமியும் இருக்கிறது, அது புழுவே இல்லை. வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மருந்து நல்ல வழக்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இப்போது மலத்தைப் பரிசோதிக்காமல் மாத்திரை போட்டால் பாதி மறைந்து பாதி நிற்கும்.

மாதிரி எடுக்கும்போது அன்று காலை போனதாக இருக்கட்டும். மண்ணில் ஒட்டாத மேல் பகுதியை, சளியோடு சேர்த்து, சுத்தமான சின்ன டப்பாவில் எடுங்கள். உடனே போக முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் தனியாக வைக்கலாம். ஜியார்டியா தினமும் வெளியே வராது, அதனால் ஒரு தடவை இல்லை என்று வந்தால் வேறு நாட்களிலும் எடுத்துப் பார்ப்பார்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள். வார்த்தையில் சொல்வதைவிட டாக்டருக்கு அது உதவும்.

கன்னங்குறிச்சி, மணி வீடு

எல்லாருக்கும் நன்றி. சித்தப்பாவிடம் கேட்டேன். கொட்டைகளை உரக்குழியில் போட்டு மூடுவார்களாம், அவன் விழுங்க வாய்ப்பில்லை என்கிறார். மூத்திரம் தாராளமாகப் போகிறது. பாட்டியும் எண்ணெய் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். அக்கா சொன்ன சவ்வரிசி கொடுக்கிறேன். ஒரு சந்தேகம்: உடம்பில் தண்ணீர் வற்றுகிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? பட்டினி போடலாமா?

அழகாபுரம் அக்கா

உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு ஈரமாக வழுக்க வேண்டும், ஒட்டினால் வற்றுகிறது என்று அர்த்தம். தோள்பட்டைத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் உடனே படிய வேண்டும். பட்டினி போடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வேகவைத்து மசித்த அரசாணிக்காய் (பரங்கிக்காய்) ஒரு ஸ்பூன் சேருங்கள். பெருங்குடல் கோளாறுக்கு அந்த நார் நல்லது.

சாயங்கால நடையில் கடைப்பக்கம் போவீர்களானால் யாரும் தட்டுவடை செட் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாசத்தில்தான் போடுகிறார்கள். ஆனால் அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

ஐந்து ரோடு

பிற்பாடு படிக்கிறவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். இங்கே சொன்ன பொறுமையெல்லாம் சாப்பிட்டு, ஓடியாடும் வளர்ந்த நாய்க்கு மட்டும். தடுப்பூசி முடியாத குட்டிக்கு ரத்தமும் துர்நாற்றமுமாகப் பேதி, கூடவே வாந்தி என்றால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதில் ஒரு ராத்திரி தள்ளினாலே குட்டி போய்விடும். கஞ்சி, அரசாணிக்காய் என்று எதையும் பார்க்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பெரிய வசதி தேவைப்பட்டால் நம் மாவட்டத்திலேயே தலைவாசலில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பக்கத்தில் நாமக்கல் கல்லூரியும் இருக்கிறது.

கன்னங்குறிச்சி, மணி வீடு

டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தேன். கையுறை போட்டு உள்ளே விரல் விட்டுப் பார்த்தார், எதுவும் அடைக்கவில்லை. ஸ்கேனிலும் கொட்டை இல்லை. முதல் மாதிரியில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி கொடுத்ததில் ஜியார்டியா தெரிந்தது. ஓய்வு பெற்ற ஐயா சொன்னது அப்படியே நடந்தது. ஃபென்பென்டசோல் எடைக்குத் தகுந்தபடி தொடர்ந்து சில நாள் கொடுக்கச் சொன்னார். சளி குறைந்துவிட்டது, சிவப்பு இல்லை. இன்று காலை உட்கார்ந்த முதல் தடவையிலேயே முடித்துவிட்டு நேராக வீட்டைப் பார்த்து நடந்தான்.

இனி இரண்டு கேள்வி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒட்டுமா? அடுத்த கோடையில் அவனை மேலே விடலாமா?

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்

ரொம்ப சந்தோஷம் தம்பி. நாய்க்கு வரும் ஜியார்டியா பெரும்பாலும் மனுசருக்கு வராத வகை. ஆனாலும் பிள்ளைகள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும், முகத்தை நக்கவிட வேண்டாம். மருந்து முடியும் நாளில் மணியை நன்றாகக் குளிப்பாட்டுங்கள், முக்கியமாகப் பின்பக்கமும் தொடை முடியும். முடியில் ஒட்டியிருக்கும் கிருமியை நக்கித் திரும்ப வாங்கிக்கொள்வான். மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். வெளியே வந்த கணமே அது தொற்றும். தண்ணீர்ச் சட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள்.

குளிரும் ஈரமும் இருக்கும் இடத்தில் அந்தக் கிருமி வாரக்கணக்கில் தாங்கும், காய்ந்தால் செத்துவிடும். அதனால் நம் சேலத்து வெயில் உங்களுக்குத் துணை. அவன் படுக்கும் சாக்கை, துணியை வாசலில் போட்டு நன்றாகக் காயவையுங்கள். மேலே நிழலும் பனியும் இருப்பதால் அங்கே அப்படி நடக்காது.

சாப்பாட்டையும் ஒரே நாளில் பழையபடி மாற்றாதீர்கள். சவ்வரிசியையும் கோழியையும் குறைத்துக்கொண்டே, பாக்கெட் தீனியைக் கூட்டிக்கொண்டே ஒரு வாரம் பத்து நாளில் வாருங்கள்.

நாகலூர் தோட்டத்திலிருந்து

தாராளமாக மேலே கூட்டி வாருங்கள். கொதித்து ஆறிய தண்ணீரை வாசலில் ஒரு சட்டியிலும், தோட்டத்துக்குள் போகும்போது ஒரு பாட்டிலிலும் வைத்துக்கொள்ளச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற நாய் ஓடையில் அவ்வளவாக வாய் வைக்காது, நாங்கள் அப்படித்தான் சமாளிக்கிறோம். கார்த்திகை, மார்கழியில் வருவதானால் காப்பிப் பழம் எடுக்கும் நேரம். களத்துப் பக்கம் அவிழ்த்து விடாதீர்கள். பழமும் கொட்டையும் தின்றால் காஃபீனால் படபடப்பும் நடுக்கமும் வரும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வயிறு காலியாக இருந்தால் வாந்தி எடுக்காமல் வந்து சேருவான்.