கத்திக்கு முன்னால்: ஆட்டுத்தொட்டியிலும் சந்தையிலும் பார்த்தவை

கேள்வி கேட்டவர்

ஆடு, மாடு, கோழி அறுக்கும் இடங்களோடு தொழில் தொடர்பு உள்ளவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். சைவமா அசைவமா என்ற சண்டை வேண்டாம், அது தினமும் எங்கேயாவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அறுப்புக்கு வரும் உயிரை எப்படி நடத்துகிறார்கள், நேரில் கண்டது என்ன? அதை மட்டும் எழுதுங்கள்.

கால்நடை மருத்துவர், பணி ஓய்வு

தென் மாவட்டத்து நகராட்சி ஒன்றின் ஆட்டுத்தொட்டியில், அதாவது ஆடு அறுக்கும் கூடத்தில், சில வருடம் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் இருட்டோடு ஆடுகள் வந்துவிடும். 2001-ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள்படி ஒரு மருத்துவர் மணிக்கு 12 பிராணிகளுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது, ஒரு நாளைக்கு 96-க்கு மேல் கூடாது. விடிவதற்குள் கறி கடைக்குப் போயாக வேண்டும் என்று நிற்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சினை ஆட்டை அறுக்கக் கூடாது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி உள்ள தாயையும் அறுக்கக் கூடாது. மடியைத் தொட்டால் பால் பிசுபிசுக்கும். "மலட்டு ஆடு சார், தீவனம் தின்னு மடி இறங்கியிருக்கு" என்பார்கள் முகத்தில் சலனமே இல்லாமல். ஒதுக்கிவைத்த ஆடு மறுநாள் வேறு ஆள் கையில் திரும்பி வரும்.

பரிசோதனை முடிந்த பிராணி 24 மணி நேரம் ஓய்வில் இருக்க வேண்டும், ஒன்றை அறுப்பது இன்னொன்றின் கண்ணில் படக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. எங்கள் தொட்டியில் இருந்தது ஒரே கூடம். அறுக்கிற இடத்துக்கு எதிரிலேயே கம்பியில் கட்டிய ஆடுகள் நிற்கும். கட்டடம் கேட்டு எழுதிய கடிதங்கள் எங்கே போயினவோ! கடைசியில் நாங்களே ஒரு தார்ப்பாயைக் குறுக்கே கட்டினோம். அது காற்றில் படபடக்க, ஆடுகள் அதைப் பார்த்தே மிரண்டு பின்வாங்கின. அடிப்பக்கம் கம்பி கோத்து இழுத்துக் கட்டியதும் அடங்கியது.

டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியை இதைத்தான் ஆயுள் முழுக்கச் சொல்லிவருகிறார். தொங்கும் சங்கிலி, ஈரத் தரையில் மின்னும் வெளிச்சம், இருட்டான வாசல் என்று நம் கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒன்றுக்கு மாடு நின்றுவிடும். அது தெரியாமல் நாம் அடிப்போம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகப் பிராணிகள் தயங்கும். எங்கள் நடைபாதையின் முடிவில் ஒரு குண்டு பல்பு மாட்டினோம், நேராகக் கண்ணில் அடிக்காமல் சுவரைப் பார்த்து. குச்சிக்கு வேலை பாதியாகக் குறைந்தது.

கருணை பற்றிப் பேசினால் தொட்டியில் எடுபடாது. கறியைக் காட்டினால் எடுபடும். விரட்டி மிரட்டிய பிராணியின் தசையில் சேர்த்துவைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து தீர்ந்துபோகும். அறுத்தபின் அதுதான் லாக்டிக் அமிலமாகி, 7-ஐ ஒட்டி இருக்கும் பி.எச். அளவை (புளிப்பு ஏற ஏற இது குறையும்) 5.5 பக்கம் இறக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கறி கறுத்து, பிசினாக ஒட்டி, சீக்கிரம் கெட்டுவிடும். "கறி கறுப்பா இருக்கே" என்று வீட்டுக்கு வந்த கறியைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள் இல்லையா, அதில் ஒரு பங்கு அதற்கு முந்தின நாள் லாரியில் நடந்தது.

எட்டயபுரம் சந்தைக்கு ஆடு கொண்டுபோகிறவர்

லாரி என்று டாக்டர் ஐயா முடித்த இடத்தில் நான் தொடங்குகிறேன். சனிக்கிழமைச் சந்தை, அதிலும் தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தின வாரம் வந்து பாருங்கள். ஒரு கை காதில், ஒரு கை பின்னங்காலில், அப்படியே தூக்கி வண்டிக்குள் வீச்சு. இரண்டு தட்டு வண்டியில் மேல் தட்டு ஆட்டின் மூத்திரமெல்லாம் கீழ்த் தட்டு ஆட்டின் முகத்தில். பலகை இடுக்கில் கால் மாட்டினால் வண்டி நின்றபிறகுதான் யாருக்கும் தெரியும். சிலர் எடை ஏறட்டும் என்று உப்பைக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைப்பார்கள், வயிறு முரசு மாதிரி இருக்கும். அதோடு நூறு மைல் போனால் என்ன ஆகும்?

எங்கள் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம். பழகின கிழட்டுக் கிடாய் ஒன்றை வைத்திருப்போம். குறுக்குச் சட்டம் அடித்த பலகையைச் சாய்த்துவிட்டு அதை முன்னால் ஏற்றினால் மற்றது தானாகப் பின்னால் ஏறும். கிடாய் மட்டும் இறங்கி வந்துவிடும், கூலியாக ஒரு பிடி சோளம். தளத்தில் மணல் கொட்டுவோம், வழுக்காது. இதெல்லாம் தருமத்துக்கு இல்லை. அடிபட்டுத் தொடை கன்றிப்போன ஆட்டில் கடைக்காரர் அந்தக் கறியைக் கழித்து எறிவார், பணத்திலும் கழிப்பார்.

நியூசிலாந்துக்குப் போய்வந்தவர்

அண்ணன் சொன்ன கிடாயை நான் அங்கேயும் பார்த்தேன்! நான் வேலை பார்த்த ஆலையில் முன்னே நடக்கப் பழக்கிய செம்மறி ஒன்று இருந்தது. அங்கே வணிக அறுப்புக்கு முன் உணர்விழக்கச் செய்வது கட்டாயம். தலையில் மட்டும் மின்சாரம் பாய்ச்சுவார்கள், ஆடு உணர்விழக்கும், ஆனால் சாகாது. அறுக்காமல் விட்டால் எழுந்து நடக்கும். அதனால்தான் அங்கே முஸ்லிம்களே அறுக்கிற ஹலால் இறைச்சிக்கும் இந்த முறை ஏற்கப்பட்டிருக்கிறது. மதமா மனிதாபிமானமா என்று ஊரில் நடக்கும் சண்டை அங்கே ஒரு கருவியில் தீர்ந்திருந்தது. ஆனால் மின்முனை சரியான இடத்தில் படாவிட்டால் ஆட்டுக்கு வலி மட்டும்தான் மிச்சம். அதைக் கண்காணிக்கவே ஆள் நிற்பார்.

கறிக்கடை வைத்திருப்பவர், மேலப்பாளையம்

எங்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. கத்தியை நன்றாகத் தீட்டு, பிராணிக்கு வேதனை குறையட்டும் என்பது நபிமொழி. அதன் கண் முன்னால் தீட்டக் கூடாது, ஒன்றின் முன் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்று என் வாப்பா சொல்லித்தான் கத்தியையே கையில் கொடுத்தார். ஆட்டுக்குக் கழுத்து அறுபட்ட சில நொடியில் நினைவு போய்விடும். மாடு அப்படி இல்லை, கழுத்தெலும்பு வழியாகப் போகும் ரத்தக் குழாய் அறுபடாமல் இருப்பதால் நேரம் எடுக்கும். அது அடங்கும் முன்னால் தோலில் கை வைப்பது பெரிய பாவம். கண்ணைத் தொட்டுப் பார்த்து, இமை அசையவில்லை என்றால்தான் அடுத்த வேலை. அவசரம் பிடித்த பையன்களை இதற்காகவே கடையைவிட்டு அனுப்பியிருக்கிறேன்.

பெயர் சொல்ல விரும்பாதவர்

எப்படியும் சாகப்போகிற ஆட்டுக்கு பல்பு, மணல், பலகை. வேடிக்கையாக இல்லையா?

கால்நடை மருத்துவர், பணி ஓய்வு

இல்லை தம்பி. சாவது சில நொடி. அதற்கு முன்னால் அது லாரியிலும் கூடத்திலும் நிற்பது ஒரு ராத்திரி, ஒரு பகல்.

கோழிக்கடை நடத்துகிறவர், திருப்பூர்

ஆட்டைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். ஆட்டுக்காவது தொட்டி, டாக்டர், முத்திரை இருக்கிறது. பிராய்லருக்கு நீல டிரம்தான். கழுத்தைக் கீறி உள்ளே எறிந்தால், ஏற்கெனவே விழுந்ததன் மேல் விழுந்து அடித்துக்கொள்ளும். அவசரத்தில் சரியாக அறுபடாத கோழி வெந்நீரில் போடும்போது வாயைத் திறந்து மூச்சு இழுக்கும். அதை ஒரு தடவை பார்த்த என் மனைவி கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது சுவரில் தகரக் கூம்புகள் வரிசையாக அடித்திருக்கிறேன். கோழியைத் தலைகீழாக உள்ளே இறக்கினால் இறக்கை அடிக்க முடியாது, தலை மட்டும் வெளியே வரும், கை நடுங்காமல் அறுக்கலாம். ரத்தம் முழுவதும் வடிந்தபிறகே வெந்நீர். இறக்கை முறிந்து சிவந்த கோழி வருவதும் நின்றது.

கேள்வி கேட்டவர்

கூம்பு எங்கே வாங்கினீர்கள் அண்ணே? எங்கள் தெருக் கடைக்காரரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

கோழிக்கடை நடத்துகிறவர், திருப்பூர்

வாங்கவில்லை, தகரப் பட்டறையில் சொல்லிச் செய்ததுதான். கடையில் வரும் பெரிய கோழி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அளவு காட்டச் சொல்லுங்கள். கீழ் வாய் அகலமானால் தோள் வரை இறங்கிச் சிக்கிக்கொள்ளும், விளிம்பை மடித்துத் தட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கோழியோடு உங்கள் கையும் கிழியும்.