முந்தாமல் பின்னால் வந்த பஸ்

குழு: புதூர் வீட்டுக்காரர்கள்

வெள்ளி, இரவு 8.10

கார்த்திகா: இன்றைக்குப் பார்த்த ஒரு டவுன் பஸ் டிரைவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தல்லாகுளத்தில் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறேன், பின்னால் பஸ் சத்தம். வழக்கமாக என்ன நடக்கும் என்றால், காதுக்குள் ஹாரன் அடித்து, என்னை முந்தி, அடுத்த நொடியே இடது பக்கம் வெட்டி ஸ்டாப்பில் நிறுத்துவார்கள், நான் பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அதற்குள் முன் படியிலிருந்து ஆட்கள் என் ஹேண்டில்பார் மேலேயே இறங்க ஆரம்பிப்பார்கள். இவர் முந்தவே இல்லை. நான் ஸ்டாப்பைத் தாண்டும் வரை பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் தமுக்கம் பக்கம் நன்றாக ஒதுங்கி முந்திப் போனார். ஒரு ஹாரன்கூட இல்லை.

செல்வம்: மதுரையிலா? டிரைவர் வெளியூர்க்காரராக இருப்பார்

கார்த்திகா: இல்லை சித்தப்பா, படியில் தொங்கின பையன்களைக் கண்டக்டர் திட்டின திட்டு அசல் மதுரை

மீனாட்சி: அதுதான் ஸ்கூட்டி வாங்கிக்கொள் என்று தலையால் அடித்துக்கொள்கிறேன். கேட்டால்தானே. ஹெல்மெட் போட்டிருந்தாயா?

கார்த்திகா: போட்டிருந்தேன் அம்மா

ராஜாங்கம்: கார்த்தி, அந்த ஆளுக்குத் தங்கமான மனசு என்று மட்டும் நினைக்காதே, தொழில் தெரிந்த ஆள். நான் பஸ் ஓட்ட வேலைக்குச் சேர்ந்தபோது நம் போக்குவரத்துக் கழகத்துக்கு இன்னும் பாண்டியன் என்றுதான் பெயர். ஸ்டாப் கண்ணில் பட்டுவிட்டால் சைக்கிளை முந்தாதே என்று அப்போதே மூத்த டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். ஏன் என்று யோசித்துப் பார். நீ முந்திப் போய் நிற்கிறாய், நிற்கும்போது சைக்கிள்காரன் உன்னைத் தாண்டுகிறான், கிளம்பினால் மறுபடி அவனை முந்த வேண்டும். ஒரே ஆளோடு எத்தனை தடவை உரசிப் பார்ப்பது? பின்னால் வந்தால் பத்துப் பதினைந்து செகண்ட் போகும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த செகண்டைக் கொடுக்க எல்லோருக்கும் வாய்க்காது, அதையும் சொல்ல வேண்டும். டிரிப்புக்கு நேரம் போட்டிருக்கும், கோரிப்பாளையத்தில் மாட்டினால் பாதி அங்கேயே போய்விடும், பின்னால் அதே ரூட்டில் இன்னொரு வண்டி வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டு போகும், கலெக்‌ஷன் குறைந்தால் பேட்டா குறையும், பக்கத்தில் கண்டக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு ஒரு சைக்கிளுக்காகக் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுக்கிறான் பார், அது சும்மா இல்லை.

செல்வம்: மச்சான் இன்னும் டிப்போவில்தான் இருக்கிறார் 😄

கார்த்திகா: மாமா, எனக்கு ஒரு சந்தேகம். பஸ் பக்கத்தில் போகும்போது டிரைவர் என்னைப் பார்த்தாரா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ராஜாங்கம்: அவர் முகம் உனக்குக் கண்ணாடியில் தெரிகிறதா என்று பார். தெரியவில்லை என்றால் உன்னை அவருக்கும் தெரியாது. இடது பக்கம் முன் படிக்குக் கீழே, பின் சக்கரத்தை ஒட்டி, இங்கெல்லாம் நீ இருப்பதே அவருக்குத் தெரியாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும். இன்னொன்று, பெரிய வண்டி இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில் வராது, உள்ளே வெட்டும். சிக்னலில் பஸ்ஸுக்கு இடது பக்கமாக நுழைந்து முன்னால் போய் நிற்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடு.

நிலா: மாமா நான் அப்படித்தான் போவேன் 😬

ராஜாங்கம்: இனிமேல் போக மாட்டாய்

செல்வம்: நிலா, சரி என்று சொல்

நிலா: சரி சரி

மீனாட்சி: 🎤 குரல் பதிவு 1:12

கார்த்திகா: அம்மா, பஸ்ஸில் உட்கார்ந்து கேட்க முடியாது, டைப் பண்ணுங்கள்

மீனாட்சி: ஸ்கூட்டி பற்றித்தான். விடு.

சிவா: நான் இப்போதுதான் வேலை முடிந்து பார்க்கிறேன். அத்தை, இங்கே மூன்ஸ்டரில் பாதி ஊர் சைக்கிளில்தான் போகிறது, மேயர் முதல் மாணவர் வரை. ஜெர்மனியில் 2020 ஏப்ரலில் சட்டத்திலேயே அளவு எழுதிவிட்டார்கள், ஊருக்குள் சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும். தெரு குறுகலாக இருந்தால் அந்த இடைவெளியே கிடைக்காது, அதனால் கார் சைக்கிள் பின்னாலேயே வர வேண்டியதுதான். வருகிறார்கள், பெரும்பாலும். முணுமுணுத்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், கண்ணாடிக்குள் வாய் அசைவது தெரியும்.

செல்வம்: ஒன்றரை மீட்டரா! கீழமாசி வீதியில் ஒன்றரை மீட்டர் விட்டால் அதற்குள் இரண்டு பைக், ஒரு தள்ளுவண்டி, ஒரு மாடு நுழைந்துவிடும் மாப்பிள்ளை

சிவா: அதுவும் சரிதான் மாமா 😂

கார்த்திகா: ஆனால் இடம் இல்லாத இடத்தில்தான் நல்ல டிரைவர் யார் என்று தெரிகிறது. வைகை மேல் இருக்கும் ஏ.வி. பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 1889இல் மாட்டு வண்டி ஓடின காலத்தில் திறந்த பாலம், அதில் இன்றைக்கு டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, பூ மூட்டை ஏற்றின டிவிஎஸ் 50 எல்லாம் ஒன்றாகப் போகிறது. பாலத்தின் மேல் என்னை முந்த இடமே கிடையாது. தெரிந்தும் சிலர் முந்துவார்கள், நான் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். ஆனால் ஷேர் ஆட்டோக்காரர்களைப் பற்றி எல்லோரும் குறை சொல்கிறோமே, அதில் ஒருவர், பின்னால் பத்துப் பேரை அடைத்துக்கொண்டு, யானைக்கல் இறக்கம் வரைக்கும் என் வேகத்திலேயே வந்தார். உள்ளே இருந்த ஒரு அம்மா "ஏப்பா சீக்கிரம் போ" என்று சத்தம் போட்டதற்கு அவர் "முன்னாடி புள்ள போகுதுல்ல" என்றார். என் வயதுக்குப் புள்ள என்றது தனி சந்தோஷம்.

செல்வம்: தல்லாகுளம் ரோட்டில் எல்லோரும் ஒதுங்கி வழி விடுவது சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவைக்கு அழகர் வரும்போது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்

மீனாட்சி: சாமியை இதில் இழுக்காதீர்கள் தம்பி

செல்வம்: சரி மதினி. ஆனால் ஒன்று கேட்கிறேன், ஹாரன் அடிக்காமல் போனால்தான் நல்லவனா? நான் பின்னால் வருகிறேன் என்று தெரிவதற்காகச் சின்னதாக ஒரு பீப் கொடுக்கிறேன், அது மரியாதைக்குத்தானே? சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்தால் சைக்கிள்காரர் பயந்துவிட மாட்டாரா?

கார்த்திகா: எவ்வளவு தூரத்தில் அடிக்கிறீர்கள் என்பதுதான் சித்தப்பா. பத்து வண்டி நீளம் தள்ளி வரும்போதே ஒரு பீப் என்றால், யாரோ வருகிறார்கள் என்று தெரிந்து நேராகப் போவேன், அதில் எனக்குக் கோபமே இல்லை. முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் உடம்பு தானாகத் திரும்பும். வலது தோள் வழியாகத் திரும்பிப் பார்த்தால் ஹேண்டிலும் கொஞ்சம் வலது பக்கம் போகும், அதாவது உங்கள் கார் வரும் பக்கம். எச்சரிக்கை கொடுக்கப் போய் நீங்களே என்னை உங்கள் வழிக்குள் இழுத்துவிடுகிறீர்கள்.

செல்வம்: இது யோசிக்க வேண்டிய விஷயம்

ராஜாங்கம்: சரியாகச் சொன்னாள். அப்புறம் இந்த ராகம் போட்டு அடிக்கும் ஹாரன், மல்டி டோன், 1989 மோட்டார் வாகன விதிகளிலேயே வைக்கக் கூடாது என்று இருக்கிறது. கல்யாண வேன்காரர்கள் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள், அது யாருக்காக என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

நிலா: எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போன மழையில் ஸ்கூல் விட்டு வரும்போது ரோடு ஓரம் பூராவும் தண்ணீர். ஒரு வெள்ளைக் கார் அந்தத் தண்ணீருக்கு முன்னால் அப்படியே வேகத்தைக் குறைத்து, நடக்கிற மாதிரி போனது. ஒரு சொட்டு என் மேல் படவில்லை. பின்னால் வந்த பைக்குகள் எல்லாம் அந்தக் கார் மேல் ஹாரன் மழை. அந்த அங்கிள் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் இன்னொரு நல்லவர் என்னைக் கொல்லப் பார்த்தார்

மீனாட்சி: என்னது!!

செல்வம்: எப்போது? ஏன் சொல்லவில்லை?

நிலா: பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை. ரோட்டைக் கடக்க சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு கார் நின்று, டிரைவர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார், போ பாப்பா என்று. கிளம்பி அந்தக் காரின் முன் பக்கத்தைத் தாண்டும் இடத்தில் ஒரு செகண்ட் நின்று எட்டிப் பார்த்தேன், காருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பைக் சர்ரென்று போனது. எட்டிப் பார்க்காமல் போயிருந்தால் அவ்வளவுதான்.

ராஜாங்கம்: எட்டிப் பார்த்தாய் பார், அந்தப் புத்தி கடைசி வரை இருக்கட்டும். இந்தக் கை காட்டும் ஆட்கள் விஷயத்தில் நான் எப்போதுமே கொஞ்சம் கறார். மனசு நல்ல மனசுதான், ஆனால் அவரால் தன் வண்டியைத்தான் நிறுத்த முடியும். பின்னால் வருகிறவன், ஏன் இந்தக் கார் சும்மா நிற்கிறது என்று புரியாமல் பக்கவாட்டில் புகுந்து வருவான். அவனுக்கு உன்னைத் தெரியாது, கார் மறைக்கிறது. பஸ் நின்றால் இன்னும் மோசம், பின்னால் ஒரு யானையே வந்தாலும் தெரியாது. நான் ஓட்டின காலத்தில் யாருக்கும் போ என்று கை காட்டியதில்லை. நிற்பேன், போவதும் போகாததும் அவரவர் பார்த்து முடிவு பண்ணிக்கொள்ளட்டும். நான் சிரிக்கவில்லை என்று திட்டினவர்கள் உண்டு.

சிவா: அப்பா வீட்டிலும் அப்படித்தானே

ராஜாங்கம்: நீ தூங்கு

கார்த்திகா: மாமா சொல்வதுதான் எனக்கும். எனக்காக யாரும் பெரிய தியாகம் பண்ண வேண்டாம். என்ன செய்யப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்தால் போதும். திரும்புவதற்கு முன்னால் இண்டிகேட்டர், முந்துவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுமை, முந்தினால் ஒரே நேராக. அந்த பஸ்காரரிடம் பிடித்ததே அதுதான், அவர் ஸ்டாப்பில் நிற்கப் போகிறார், அது வரைக்கும் என் பின்னால்தான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. சிரித்துக் கையாட்டி ரோட்டையே குழப்பும் ஆளைவிட, முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு ஒழுங்காக ஓட்டும் ஆள் எனக்கு மேல்.

அழகர்கோவில் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போகும்போதும் இதே கதைதான். கோயில் வரைக்கும் 21 கிலோமீட்டர், அப்பன்திருப்பதி தாண்டினால் இருட்டு. எதிரே வரும் கார்கள் ஹை பீமில் வந்தால் முன்னால் இருக்கும் பள்ளம்கூடத் தெரியாது. லாரிக்காரர்கள் பலர் தூரத்திலேயே டிம் அடித்துவிடுகிறார்கள், ராத்திரி பூராவும் ஓட்டுகிறவர்களுக்கு எதிரே வருகிறவன் கண் கூசுவது தெரிகிறது. புதுக் கார்க்காரர்களுக்கு டிம் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றே தெரியாது போல.

செல்வம்: கார்க்காரர்களையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சைக்கிள்காரர்கள் மட்டும் யோக்கியமா? லைட் கிடையாது, ராங் சைடில் வருகிறார்கள், கேட்டால் சைக்கிள்தானே என்கிறார்கள்

கார்த்திகா: அது உண்மைதான் சித்தப்பா, அதில் நான் யாருக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன்

ராஜாங்கம்: நிலா, பதினொன்றாம் வகுப்பில் கொடுத்த சைக்கிள்தானே உன்னுடையது? அதில் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதா?

நிலா: இருந்தது. ஸ்டாண்டில் யாரோ சைக்கிளைத் தள்ளிவிட்டு உடைந்துவிட்டது

ராஜாங்கம்: செல்வம், நாளைக்கே வாங்கி மாட்டுங்கள். பெடலுக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் மேலும் கீழும் போவதால் டிரைவர் கண்ணில் அதுதான் முதலில் படும், அசைகிறது என்றாலே சைக்கிள் என்று தெரிந்துவிடும்.

செல்வம்: நாளைக் காலையில் முதல் வேலை அதுதான் மச்சான்

சிவா: மாமா, இன்னொன்றும் பழகுங்கள். ரோட்டோரம் காரை நிறுத்திக் கதவைத் திறக்கும்போது, கதவுப் பக்கத்துக் கையால் திறக்காமல் மறு கையால் திறக்க வேண்டும். இங்கே டிரைவர் இடது பக்கம் உட்காருவதால் வலது கை, உங்களுக்கு இடது கை. உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் சைக்கிள் வருகிறதா என்று கண்ணில் பட்டுவிடும். டச்சுக்காரர்கள் பழக்கம் என்று சொல்வார்கள். ஸ்கூல் வாசலில் நிறுத்தும்போது ரொம்ப உதவும்.

மீனாட்சி: இது நல்ல யோசனை. ஆட்டோவில் இறங்கும்போதும் பார்த்து இறங்க வேண்டும், போன வாரம் கீழவாசலில் ஒரு பையன் வந்து மோதத் தெரிந்தான்.

சனி, காலை 9.25

செல்வம்: ரிஃப்ளெக்டர் வாங்கியாச்சு, பெடலுக்கும் சேர்த்து. கடைக்காரர் செயினுக்கு எண்ணெயும் போட்டுக் கொடுத்தார்

நிலா: நன்றி அப்பா ❤️

செல்வம்: சிவா சொன்ன மாதிரி கடை வாசலில் இடது கையால் கதவைத் திறந்து பார்த்தேன். வரவில்லை

சிவா: எது வரவில்லை மாமா?

செல்வம்: நான்தான். பாதி திரும்பினதும் இழுத்துப் பிடிக்கிறது

சிவா: சீட் பெல்ட்டைக் கழற்றினீர்களா?

செல்வம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜாங்கம்: நான் படித்துவிட்டேன்